குகையில் வழிவது இரும்பு, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் ஒரு பாறைக் குகைக்குள் சிவப்பாக ஏதோ வழிகிறது என்று ஒரு வீடியோ சேலம் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றி, அப்புறம் உங்கள் பத்திரிகையிலும் 'பரபரப்பு' என்ற தலைப்போடு வந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். செய்தியில் இரண்டு தரப்பு பேசியிருந்தது. அம்மன் கோபம், பரிகாரம் செய்யணும் என்று ஒரு தரப்பு. எஸ்டேட்டில் அடிக்கிற மருந்தோ எந்த ஆலையின் கழிவோ மலைக்குள் இறங்குகிறது, அதிகாரிகள் தூங்குகிறார்களா என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரையும் பேசவிட்டு, படத்தையும் போட்டு முடித்துவிட்டீர்கள். அந்தப் பாறை என்ன பாறை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சேலத்தில் ஒரு கனிம ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடியோவில் தெரிகிற அந்த ஆரஞ்சுக் குழம்பு, அதன் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற செம்பழுப்பு, கீழே தேங்கின தண்ணீரின் மேல் எண்ணெய் படிந்ததுபோல ஒரு மினுக்கம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் முதலில் நினைக்க வேண்டியது இரும்பைத்தான். வேறு எதையும் அதற்கு அப்புறம் நினைக்கலாம்.

சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னகைட் என்ற பாறை. பல்லாவரம் பக்கம் இருக்கிறதே, அதே இனம். புதிதாக உடைத்த முகத்தில் கருநீலச் சாம்பல் நிறமாக எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும், ஆனால் வெயிலும் மழையும் பட்ட வெளித்தோல் மட்டும் துருப்பிடித்த பழுப்பாகிவிடும். காரணம் அதற்குள் இருக்கிற ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். இரும்பும் மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்தது அது. கூடவே காந்தத்தில் ஒட்டுகிற இரும்புக் கனிமமான மாக்னடைட்டும் பொடிப்பொடியாகக் கலந்திருக்கும். மலை உச்சிப் பக்கம் போனால் இதே பாறை லட்சக்கணக்கான வருஷம் மழையில் கரைந்து கரைந்து பாக்சைட்டாக மாறிக் கிடக்கிறது. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு ஏற்காட்டிலிருந்து லாரி லாரியாகப் போனது அந்த மண்தான். அலுமினியத்தை எடுத்தபின் மிச்சமாகிற சேறு ஏன் செக்கச்செவேல் என்று இருக்கிறது? அதில் இருக்கிற இரும்பு ஆக்ஸைடால்தான். ஆகவே இந்த மலையில் இரும்பு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வியே இல்லை, அது மலையிலேயே இருக்கிறது.

கேள்வி, அது எப்படிக் குகைக்குள் வந்து வழிகிறது என்பதுதான். மேலே காப்பித் தோட்டம், சில்வர் ஓக், சோலைக்காடு. தரை முழுக்க மக்கின இலை. மழைத்தண்ணீர் அந்த இலைச்சருகுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்துவிடும், இலையிலிருந்து கொஞ்சம் புளிப்பான அமிலங்களும் சேரும். ஆக்ஸிஜன் இல்லாத, லேசாகப் புளித்த தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக இறங்கும்போது இரும்பைக் கரைத்துக்கொள்ளும், அந்த நிலையில் இரும்புக்கு நிறமே கிடையாது, கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தெளிவாக இருக்கும். இதை ஃபெரஸ் இரும்பு என்போம். அப்படியே வந்து குகையின் கூரையிலோ சுவரிலோ வெளியே எட்டிப் பார்த்ததும் காற்று படுகிறது. காற்று பட்டதும் அது ஃபெரிக் இரும்பாக மாறுகிறது, இனி அதனால் தண்ணீரில் கரைந்து இருக்க முடியாது, அங்கேயே படிகிறது. மழைக்காலம் முடிந்ததும் இந்த மாதிரிக் கசிவு அதிகமாகக் கண்ணில் படுவதும், கோடையில் காய்ந்து வெறும் கறையாக நிற்பதும் இதனால்தான்.

படிகிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், ஆனால் படிவது ஒரே பொருள் இல்லை. முதலில் படிவது ஃபெர்ரிஹைட்ரைட். தண்ணீர் நிறைய ஏறின, சரியாகப் படிகமாகாத, கொழகொழ ஆரஞ்சு. நாளாக ஆக அது கோத்தைட்டாக மாறும், மஞ்சள் கலந்த பழுப்பு. சூடும் வறட்சியும் இருந்தால் அதே ஃபெர்ரிஹைட்ரைட் ஹேமடைட்டாகவும் போகலாம், அப்போதுதான் ரத்தச் சிவப்பு. லிமோனைட் என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள், அது தனிக் கனிமம் இல்லை, பெரும்பாலும் கோத்தைட்டும் மற்றதும் கலந்த கலவைக்கு வைத்த பொதுப்பெயர். இதில் வேடிக்கை, ஒரே கசிவில் மேலே ஈரமான இடத்தில் ஆரஞ்சு, நடுவே மஞ்சள் பழுப்பு, வெளி விளிம்பில் சிவப்பு என்று மூன்றும் இருக்கலாம். வீடியோ எடுத்தவர் "நிறம் மாறுது பாருங்க" என்று கத்துகிறாரே, மாறத்தான் செய்யும்.

சுவரில் கறுப்பாகவும் திட்டுத் திட்டாக இருந்தது, அதை விளக்குப் புகை என்று யாரோ சொன்னார்கள். புகையாகவும் இருக்கலாம், இரும்போடு சேர்ந்தே கரைந்து வருகிற மாங்கனீஸின் ஆக்ஸைடாகவும் இருக்கலாம், அதுவும் கறுப்புதான்.

இப்போது அந்த எண்ணெய் மினுக்கத்துக்கு வருகிறேன், ஆலைக் கழிவு என்ற பேச்சு கிளம்பினதே அதைப் பார்த்துத்தான். ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் கிளறிப் பாருங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ என்றால் சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இரும்புப் படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே விலகி நிற்கும். அவ்வளவுதான் சோதனை, காசு செலவில்லை. அந்தப் படலமும் கீழே இருக்கிற கொழகொழப்பும் பெரும்பாலும் இரும்பை வைத்து வாழ்கிற பாக்டீரியாக்கள் இருக்கிற இடத்தில் உண்டாவது. கேலியோனெல்லா என்று ஒன்று, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முறுக்கின ரிப்பன் போன்ற காம்பை வெளியே விட்டுக்கொண்டே போகும், அந்தக் காம்பு முழுக்க இரும்பு ஆக்ஸைடு. லெப்டோதிரிக்ஸ் என்று இன்னொன்று, அது குழாய் வடிவ உறைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், உறையின் மேல் இரும்பு பூசிக்கொள்ளும். சேலத்தில் போர்வெல் தண்ணீர் பிடிக்கிற வீடுகளில் வாளி ஆரஞ்சாவது, சின்டெக்ஸ் டேங்க் அடியில் வழவழப்பாகச் சேறு தங்குவது, பாத்ரூம் டைல்ஸில் போகவே போகாத கறை விழுவது எல்லாம் இதே வேலைதான். வீட்டில் நடந்தால் பிளம்பரைக் கூப்பிடுகிறோம், மலையில் நடந்தால் பூசாரியைக் கூப்பிடுகிறோம்.

ஏற்காட்டில் சுண்ணாம்புக் குகையே கிடையாதே, பிறகு எப்படிக் குகைக் கனிமம் என்று யாராவது கேட்கலாம். சரிதான், இங்கே நாம் குகை என்பது பெரும்பாலும் பாறை இடுக்கு, உருண்ட பாறைகளுக்கு நடுவே உள்ள பொந்து. சேர்வராயன் கோயிலில் குனிந்து போய் சாமி கும்பிடுகிறோமே, அதுவும், நார்ட்டன் பங்களா பக்கம் உள்ள கரடி குகையும் விசாகப்பட்டினம் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகள் மாதிரி கிடையாது. ஆனால் இரும்பு படிவதற்குச் சுண்ணாம்பு வேண்டாம், தண்ணீரும் காற்றும் ஒரு வெடிப்பும் போதும். சுண்ணாம்புக் குகைகளிலும் இதே கதைதான். அரக்கு பள்ளத்தாக்குக்கு டூர் போகிற நம்மூர்க்காரர்கள் போரா குகையைப் பார்க்காமல் வருவதில்லை. அந்தக் குகைக்குள் உள்ள ஓர் ஊற்றில் பாக்டீரியாக்கள் இரும்பைப் படியவைப்பது பற்றி 2012-ல் ஆஸ்ட்ரோபயாலஜி என்ற ஆய்விதழில் கட்டுரையே வந்திருக்கிறது. வேற்றுக் கிரகத்தில் உயிர் இருந்ததா என்று தேடுகிறவர்களின் ஆய்விதழ் அது. செவ்வாய்க் கிரகம் சிவப்பாக இருப்பதும் இரும்பு ஆக்ஸைடால் என்பதால், பாக்டீரியா தொட்ட துருவுக்கும் தொடாத துருவுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், அந்தக் குகைக்கு மேலேயே போகிற ரயில் பாதை சத்தீஸ்கரில் உள்ள பைலாடிலா சுரங்கத்து இரும்புத் தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்டது. மேலே வேகனில் இரும்பு போகிறது, கீழே சொட்டுச் சொட்டாக இரும்பு இறங்குகிறது, பார்க்கப் போகிறவர்கள் கலர் லைட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம்.

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் லெச்சுகியா என்று ஒரு குகை. 1986-ல் அடியில் இருந்த இடிபாட்டைத் தோண்டி உள்ளே போகும்வரை அதன் நீளம் யாருக்கும் தெரியாது. அதற்குள் இரும்பு ஆக்ஸைடாலேயே ஆன விழுதுகள் தொங்குகின்றன. அவற்றை உடைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே மெல்லிய இழைகள் தெரிந்தன, அவை பழைய இரும்பு பாக்டீரியாக்களின் புதைபடிவமாக இருக்கலாம் என்கிறார்கள். பிரேசிலில் காராஜாஸ் என்ற பகுதியில் இதற்கு நேர் எதிர், அங்கே குகையே இரும்புப் பாறைக்குள்தான். ஆயிரத்துக்கும் மேல் குகைகள். கரையவே கரையாத இரும்புப் பாறையில் குகை எப்படி உண்டாகும் என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. கரையாத ஃபெரிக் இரும்பைக் கரையும் ஃபெரஸ் இரும்பாக மாற்றுகிற வேறு வகை பாக்டீரியாக்கள் பாறையை உள்ளிருந்து கரைத்து வெளியேற்றுகின்றன என்று இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கூட்டம் படியவைக்கிறது, ஒரு கூட்டம் கரைத்து எடுக்கிறது. அந்தக் காராஜாஸ் உலகத்திலேயே பெரிய இரும்புச் சுரங்கங்களில் ஒன்று இருக்கிற இடம். சுரங்கம் வெட்டுவதற்கு முன்னால் குகைகளைத் தரம் பிரித்தே ஆகணும் என்று 2008-ல் பிரேசில் அரசு ஆணை போட்டது, உச்ச முக்கியத்துவம், உயர்வு, நடுத்தரம், குறைவு என்று நான்கு தரம், முதல் தரக் குகையில் கை வைக்கக் கூடாது என்று. அதைத் தளர்த்தச் சொல்லி இழுபறி அப்புறமும் நடந்தது, அது தனிக் கதை.

பிரேசிலை ஏன் இழுக்கிறேன் என்றால் நம் கஞ்சமலையும் இரும்பு மலை. மாக்னடைட்டும் குவார்ட்ஸும் வரி வரியாக மாறி மாறி வருகிற பாறை. மழை நின்றதும் அடிவார ஓடையில் கறுப்பு மணல் கோடு போட்டிருக்கும், காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி உள்ளே விட்டால் மயிர்க்கூச்செறிந்து ஒட்டும். சேலத்துத் தாதுவை நம்பித்தான் ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார். இன்றைக்குக் கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே துருப்பிடிக்காத எஃகு செய்கிற ஆலை இருக்கிறது, மலையின் இரும்பை அது தொடுவதே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு, பாறையில் துருவைப் பார்த்து நாம் பதறுகிறோம்.

சாமி விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படிக்கணும். யாருடைய நம்பிக்கையோடும் எனக்குச் சண்டை இல்லை. சேர்வராயன் கோயில் குகை வழி காவிரி வரைக்கும் போகிறது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களும்தான் சொன்னார்கள், மே மாதத் திருவிழாவுக்கு நானும்தான் போயிருக்கிறேன். கோயில் சுவரில் சுண்ணாம்பு வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடிக்கிறோமே, அந்தக் காவியும் காலங்காலமாக இரும்பு ஆக்ஸைடு மண்தான். ஆக அந்தக் குகையில் மலையே காவி பூசிக்கொள்கிறது என்று ஒரு பக்தர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். நான் மறுப்பது, அதை ரத்தம் என்று சொல்லி பயமுறுத்துவதையும், அந்தச் சேற்றை டப்பாவில் வழித்து ரத்தசோகைக்கு நல்லது என்று விற்பதையும்தான். வீடியோவின் கடைசியில் ஒருத்தர் விலை சொல்வது கேட்கிறது. துருவைத் தின்றால் ரத்தம் ஊறாது. கரையாத இரும்பு குடலில் சேருவது மிகக் குறைவு, அதோடு அந்தச் சேற்றில் வௌவால் எச்சத்திலிருந்து என்னென்ன கிருமி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ரத்தசோகைக்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை சும்மா தருகிறார்கள்.

மறுதரப்பையும் அப்படியே தள்ளிவிட முடியாது. ஆரஞ்சாக இருந்தால் எல்லாமே இயற்கை என்று சொல்வதும் தப்பு. கந்தகம் சேர்ந்த இரும்புக் கனிமம் பைரைட் உள்ள இடத்தில் சுரங்கம் தோண்டிவிட்டுப் போனால் அங்கிருந்து வடிகிற தண்ணீரும் இதே நிறத்தில்தான் இருக்கும், ஆனால் அமிலம் கடுமையாக இருக்கும், மீன் சாகும். சாயத் தண்ணீர் ஊரில் ஓடுவதைப் பார்த்தவர்கள் நாம், சந்தேகப்படுவது நம் உரிமை. அதனால் பார்த்து முடிவு செய்யலாம் என்கிறேன். ஒரு வெள்ளை பாட்டிலில் சொட்டுகிற இடத்திலேயே தண்ணீரைப் பிடித்து மூடி போடாமல் ஒரு ராத்திரி வைத்தால், தெளிவாக இருந்தது காலையில் பழுப்பேறி அடியில் வண்டல் தங்கியிருக்கும், இரும்பு. கடுக்காய்ப் பொடியோ கசக்கின கொய்யா இலையோ போட்டால் தண்ணீர் கருநீலமாகக் கறுக்கும், அதுவும் இரும்பு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்த ஊர் இது, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. பிஎச் காகிதத்தை நனைத்தால் அமிலம் கடுமையா இல்லையா என்று தெரிந்துவிடும். நுரை தள்ளுகிறது, மருந்து வாடை அடிக்கிறது, அமிலம் அதிகம், மழையே இல்லாத மாதத்தில் திடீரென்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது என்றால் தாராளமாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு உண்மையில் பதற்றம் தருவது வேறு. செய்தி வந்த பிறகு, அந்தக் குகையைச் சுத்தம் செய்யப் போகிறோம், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று சிலர் கிளம்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். பிளீச்சிங் பவுடர் இரும்புக் கறையைப் போக்காது, தண்ணீரில் கரைந்து வருகிற மிச்ச இரும்பையும் உடனே படியவைத்துக் கறையைக் கூட்டும், இது போர்வெல் தொட்டியில் போட்டுப் பார்த்த எவருக்கும் தெரியும். அங்கே இருக்கிற உயிர்கள் செத்ததுதான் மிச்சமாகும். டைல்ஸ் கழுவுகிற ஆசிட் கறையைக் கரைக்கும், உண்மை, ஆனால் பக்கத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். எனாமல் பெயின்ட் அடித்தால் பின்னால் கசிகிற தண்ணீர் போக வழியில்லாமல் ஒரு மழைக்குள் உரிந்து தொங்கும், கசிவு பக்கத்து வெடிப்பில் கிளம்பும். தண்ணீரை மூட முடியாது.

அதைவிட முக்கியம், பாறையில் சிவப்பாக இருக்கிற எல்லாமே கசிவு என்றும் நினைத்துவிடக் கூடாது. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன, செங்காவியில் வரைந்தவை. தென்னாப்பிரிக்காவில் பிளாம்போஸ் குகையில் ஒரு லட்சம் வருஷத்துக்கு முன்னால் காவிக்கல்லை அரைத்துச் சிப்பியில் கலந்து வைத்திருந்ததைக் கண்டெடுத்து 2011-ல் வெளியிட்டார்கள். மெக்ஸிகோவில் யுகாடன் பகுதியில், இப்போது கடல் மட்டம் உயர்ந்து தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற குகைகளுக்குள், பத்துப் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மனுஷர்கள் தீப்பந்தத்தோடு இறங்கிக் காவி தோண்டின சுரங்கமே கிடைத்திருக்கிறது, அது 2020-ல் வெளியானது. இந்த நிறம் இத்தனை காலம் நிற்கிறது என்றால் காரணம், ஹேமடைட் ஏற்கெனவே முழுக்க ஆக்ஸிஜன் ஏறினது, இனி வெயிலும் காற்றும் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆசிடும் கம்பி பிரஷ்ஷும் செய்யும். கசிவு என்றால் வெடிப்பிலிருந்து கிளம்பி, தண்ணீர் ஓடின வழியே கீழ்நோக்கிப் போயிருக்கும். வெடிப்போடு சம்பந்தமில்லாமல், ஓரம் தெளிவாக, உருவம் மாதிரி ஏதாவது தெரிந்தால் தொடாமல் போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். கழுவினது கழுவினதுதான்.

பத்திரிகைக்கு நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெரியார் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது, ஏற்காடு மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் அங்கே ஒரு போன் போட்டிருந்தால் அந்தச் செய்தி வேறு மாதிரி வந்திருக்கும். அந்தக் குகை எந்த எஸ்டேட்டில் எந்த வளைவில் இருக்கிறது என்று வழி சொல்வதையாவது அடுத்த முறை விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போய் ஆளுக்கு ஒரு துண்டு பெயர்த்துக்கொண்டு வருகிறது, பாறைக்கு மேலே மலைத்தேனீக் கூடு வேறு இருக்கிறது என்கிறார்கள். உங்கள் நிருபர் மறுபடி போவதாக இருந்தால் பிஎச் காகிதம், ஒரு காலி பாட்டில், கொஞ்சம் கடுக்காய்ப் பொடி கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். பொடி செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.